சாலைக்குப் போன கட்டிப்பால்

செம்பனைக் குலை ஏற்றிய லாரிகள் ஓடும் தார்ச்சாலையைக் கவனித்திருப்பீர்கள். முதலில் மயிரிழை போல ஒரு வெடிப்பு தோன்றும். பிறகு முதலைத் தோல் போலக் கட்டங்கட்டமாக விரியும். மழைநீர் உள்ளே இறங்கி அடிமண் இளகியதும் குழி விழுந்துவிடும்.

இது ஏன்? பாரமான சக்கரம் ஏறி இறங்கும்போது, சாலை நம் கண்ணுக்குத் தெரியாமல் வளைந்து நிமிர்கிறது. கம்பியைத் திரும்பத் திரும்ப வளைத்தால் ஒடிந்து போகிறதல்லவா? அதே கதைதான். தாரோ வெயிலிலும் காற்றிலும் எண்ணெய்ப்பசை குன்றி, ஆண்டுக்காண்டு இறுகிப் போகிறது. அப்படியானால் தாரைக் கூடுதலாகச் சேர்த்தால் என்ன என்று கேட்கலாம். சேர்த்தால் வெயிலில் இளகி, சக்கரத் தடம் பள்ளமாகிவிடும்!

ரப்பரைக் கலந்து பார்க்கும் எண்ணம் பழையது. 1930களில் ரப்பர் விலை வீழ்ந்து கிடந்தபோது, ஹாலந்திலும் பிரிட்டனிலும் சாலைகளில் சோதித்தார்கள்.

பெரிய திருப்பம் 1960களில் வந்தது. அமெரிக்காவின் பீனிக்ஸ் நகரம் கோடையில் 40 பாகை செல்சியசைத் தாண்டும் பாலைவன ஊர். அந்நகராட்சியின் பொறியாளர் சார்ல்ஸ் மெக்டொனால்ட், பழைய டயர்களை அரைத்த தூளைச் சூடான தாரில் கலந்தார். கலந்தவுடன் ஊற்றிவிடவில்லை, முக்கால் மணி முதல் ஒரு மணி நேரம் வரை சூட்டிலேயே வைத்திருந்தார். இந்தப் பொறுமையில்தான் சூட்சுமம் இருந்தது என்போம். பாயசத்தில் ஜவ்வரிசி ஊறுவதைப் போல, ரப்பர்த் தூள் தாரின் எண்ணெயைக் குடித்து உப்பியது. கலவை கெட்டிப்பட்டது. கல்லின்மேல் தடிப்பாகப் பூசினாலும் வழியவில்லை. வளைந்தாலும் எளிதில் வெடிக்கவில்லை. முதலில் வெடித்த இடங்களுக்கு ஒட்டுப் போடவே அதைப் பயன்படுத்தினார்.

நம் நாட்டிலோ டயர்த் தூளோடு நிற்கவில்லை. மங்கில் உறைந்து கிடக்கும் கட்டிப்பாலையே தாரில் கரைக்கும் முறையை மலேசிய ரப்பர் வாரியம் உருவாக்கியது. நாற்றம் பிடித்தது என்று மூக்கைப் பொத்திக்கொள்வார்களே, அதே கட்டிப்பால்தான்! 2018 நவம்பரில், ரப்பர் விலை மீண்டும் தாழ்ந்திருந்த நேரம், அடுத்த ஆண்டு வரவுசெலவுத் திட்டத்தில் இத்தகைய சாலைகளுக்கு 10 கோடி வெள்ளி அறிவிக்கப்பட்டது. விலை விழும்போதுதான் சாலைக்கு ரப்பரின் நினைவு வருகிறது போலும். அந்தப் பணம் துறைமுகச் சாலைகளுக்கும் தொழிற்பேட்டைச் சாலைகளுக்கும் என்று சொல்லப்பட்டது.