கேட்பவர் யார்?

சாந்த்ராகாச்சியில் குடியேறிய நம்மவர் வரலாற்றை எழுத நோட்டும் பேனாவுமாய்ப் போகிறவர், முதலில் தாமே பதில் சொல்ல வேண்டியிருக்கும்: "தம்பிக்கு எந்த ஊரு? ஊர்ல எந்தத் தெரு?" தெருவைச் சொன்னால் சாதி தெரிந்துவிடும் என்பது நாம் அறியாததா!

ஹூக்ளியின் இதே கரையிலுள்ள சந்தன்நகரில் 1934-இல் பிறந்தவர் சமூகவியல் அறிஞர் ஆந்த்ரே பெத்தேய். தந்தை பிரெஞ்சுக்காரர், தாய் வங்காளி. 1961-62-இல் தஞ்சை மாவட்டச் சிற்றூர் ஒன்றில் தங்கி ஆய்வு செய்தார்; 1965-இல் வெளியான நூலில் அவ்வூருக்கு 'ஸ்ரீபுரம்' என்று மாற்றுப்பெயர் இட்டார். குடியிருந்தது அக்கிரகாரத்தில். அவ்வளவுதான், ஊரார் கண்ணுக்கு அவரும் அக்கிரகாரத்து மனிதராகிவிட்டார். ஆதிதிராவிடர் தெருவில் தாராளமாகப் போய்ப் பழக முடியவில்லை. இதை ஒளிக்காமல் நூலிலேயே எழுதினாரே, அதைத்தான் நான் பெரிதாக மதிக்கிறேன்.

சாந்த்ராகாச்சியோ ரயில்வே ஊர். இங்கே தெருவின் இடத்தில் குவார்ட்டர்ஸ். அதிகாரி வீட்டில் காபி குடித்துவிட்டு, அவர் கைகாட்டிய கேங்மேன் வீட்டுக்குப் போனால் கிடைப்பது ஒரு கதை; தனியாகப் போனால் வேறு கதை. ஆகவே பேட்டியோடு, யார் அழைத்துப் போனார், யார் உடனிருந்தார் என்பதையும் குறித்துவைக்க வேண்டும். சங்கச் செயலாளரே பக்கத்தில் உட்கார்ந்திருந்தால், ஊரை விட்டு வந்த உண்மைக் காரணத்தை யார் வாய்திறந்து சொல்வார்கள்?