உழைப்பும் உடற்பயிற்சியும்: ஐக்கிய அமெரிக்காவிற் குடியேறிய பெண்கள் (1889–1919)

உடற்பயிற்சியின் வரலாறு பெரும்பாலும் வீரர்களின் வரலாறாகவே எழுதப்பட்டு வந்துள்ளது. பயிற்சிக்குரிய நேரமும் இடமும் எவ்வர்க்கத்தாருக்குக் கிடைத்தன என்னும் வினா அங்கு எழுவது அரிது. ஐக்கிய அமெரிக்காவிற் குடியேறிய ஐரோப்பியப் பெண்களை முன்னிறுத்தி இவ்வினாவை நாம் ஈண்டு நோக்குவோம்.

1868இல் லித்துவேனியாவில் யூதக் குடும்பமொன்றிற் பிறந்த செண்டா பெரன்சன், 1875இல் பொஸ்ரனிற் குடியேறினார். இளமையில் நலிந்த உடலினரான அவர், 1890இல் தேகப்பயிற்சி ஆசிரியர் கலாசாலையொன்றிற் சேர்ந்து சுவீடிய முறைப் பயிற்சியால் உரம் பெற்றார். 1891இல் நெய்ஸ்மித் உருவாக்கிய கூடைப்பந்தாட்டத்தை ஸ்மித் கல்லூரி மாணவியரிடையே அறிமுகப்படுத்தினார். 1893 மார்ச்சில் அங்கு முதற் போட்டி நடைபெற்றது. ஆடுகளத்தை மூன்றாகப் பிரித்தும், பந்தைப் பறிப்பதைத் தடைசெய்தும் அவர் வகுத்த விதிகள் இருவேறு பண்புகளை உடையன. அவை பெண்களுக்குக் களத்தைத் திறந்தன. 'பெண்மை'யின் எல்லையையும் காத்தன. ஆயின், ஆசிரியை குடியேறியவராயினும் மாணவியர் பெரும்பாலும் வசதிபடைத்தோரின் புதல்வியரே.

தொழிலாளர் குடியிருப்புகளை நோக்கிப் பயிற்சி சென்றமைக்குச் சிக்காகோவின் ஹல் இல்லம் சான்றாகும். ஜேன் அடம்சும் எலன் கேற்ஸ் ஸ்ராரும் 1889இல் நிறுவிய இவ்வில்லத்தில், 1893இல் உடற்பயிற்சிக்கூடம் திறக்கப்பட்டது. அயலிற் குடியேறிய குடும்பங்களின் பெண்களும் அங்கு பயின்றனர். இம்முயற்சியில் நலன்பேணலோடு, குடியேறியோரை 'அமெரிக்கராக்கும்' நோக்கமும் கலந்திருந்தது எனலாம்.

நியூயோர்க் ஆடைத் தொழிலாளப் பெண்களின் நிலையோ வேறு. நாள் முழுவதும் தையற்பொறிமுன் குனிந்திருந்தவர்கள் உழைப்பிற் குறைந்தவரல்லர். எனினும், சில உறுப்புகளை ஓயாது வருத்தி, நெஞ்சை ஒடுக்கி, காற்றோட்டமற்ற அறையிற் செய்யப்படும் வேலை உடலை வளர்ப்பதில்லை, தேய்க்கின்றது. இவர்களுள் ஏறத்தாழ 20,000 பேர் 1909இல் வேலைநிறுத்தத்தில் இறங்கினர். 1911இல் டிரையாங்கிள் தொழிற்சாலைத் தீயில் 146 பேர் மாண்டனர்; அவர்களுட் பெரும்பாலோர் குடியேறிய இளம்பெண்கள். போராட்டத்தில் வளர்ந்த சர்வதேசப் பெண்கள் ஆடைத் தொழிலாளர் சங்கத்தின் 25ஆம் கிளை, 1919இல் பென்சில்வேனிய மலைப்பகுதியில் 'ஐக்கிய இல்ல'த்துக்கென ஓய்வகமொன்றை விலைக்கு வாங்கியது. நீந்துதலும் நடத்தலும் ஆடலும் அங்கு தொழிலாளப் பெண்களின் உரிமையாயின.

இம்மூன்று நிலைகளையும் ஒப்புநோக்குமிடத்து ஓர் உண்மை புலனாகும். கல்லூரி பயிற்சியைப் பாடமாக வழங்கியது. சமூக இல்லம் அதனைச் சேவையாக வழங்கியது. தொழிற்சங்கமோ அதற்குரிய ஓய்வையே கோரிப் பெற்றது. குடியேறிய பெண் உடற்பயிற்சி செய்வதில்லை எனக் குறைகூறுவோர், அவளது வேலைநேரத்தை முதலிற் கணக்கிடல் வேண்டும்.