பாபிலோன் நதியோரம், கிங்ஸ்டன் நகரில்

1978இல் போனி எம் குழுவினர் பாடிய 'ரிவர்ஸ் ஆஃப் பாபிலோன்' பாடலை ஆட்டத்திற்குரிய துள்ளலிசையாக மட்டுமே நெடுங்காலம் கேட்டு வந்தேன். 1970இல் ஜமைக்காவின் மெலோடியன்ஸ் குழு அதை ரெகே பாடலாக வெளியிட்டது என்பதைப் பின்னரே அறிந்தேன்.

பாபிலோனில் சிறைப்பட்ட யூதர்களின் புலம்பலே விவிலியத்தின் 137ஆம் சங்கீதம். ஆப்பிரிக்காவிலிருந்து அடிமைகளாகக் கொண்டுவரப்பட்டோரின் வழித்தோன்றல்களான ராஸ்தஃபாரியர் அதைத் தம் வரலாறாகவே படித்தனர். எத்தியோப்பியாவே அவர்களுக்குச் சீயோன். தம்மை ஒடுக்கிய அரசும் காவல்துறையும் பாபிலோன். வெறும் உருவகமன்று இது. அவர்களது பினக்கிள் குடியிருப்பு 1954இல் காவலரால் அழிக்கப்பட்டது. 1963இல் கோரல் கார்டன்ஸ் மோதலையடுத்து, அதில் தொடர்பற்ற ராஸ்தஃபாரியரும் பிடித்து அடைக்கப்பட்டனர்; பலரது சடைமுடி வெட்டப்பட்டது. அரசு மன்னிப்புக் கேட்டது 2017இல்! ஐம்பத்து நான்கு ஆண்டுகள்.

அத்தகைய காலத்தில் எழுந்த பாடல் வஞ்சினம் உரைத்திருந்தாலும் வியப்பில்லை. மூலச் சங்கீதமே, பகைவரின் குழந்தைகளையும் விட்டுவைக்காத கொடிய பழிவேட்கையோடுதான் முடிகிறது. மெலோடியன்ஸ் அப்பகுதியைத் தொடவில்லை. மாறாக, தம் வாய்மொழியும் உள்ளத்தின் எண்ணமும் இறைவனுக்கு ஏற்புடையனவாகுக என்னும் 19ஆம் சங்கீதத்தின் வேண்டுதலை அங்கே சேர்த்தனர். இழந்தவர்கள் தம் நாவைக் காத்துக்கொண்ட இடம் இது. ரெகேயின் ஆன்மிக வலிமையை நான் உணர்வதும் இங்கேதான்.

மெலோடியன்ஸ் இறைவனைச் சுட்டுமிடத்தில் பேரரசர் ஹைலே செலாசியைக் குறிக்கும் சொற்களை வைத்திருந்தனர். போனி எம் பதிவில் அவை நீங்கி, விவிலியச் சொற்கள் மீண்டன. வேண்டுதல் மட்டும் அப்படியே இருக்கிறது.