இணைக் கணிப்புக் கருவிப்பெட்டிகள்

ஒரு பெரிய கணக்கைத் துண்டுகளாகப் பிரித்து, பல நுண்செயலிகளில் ஒரே நேரத்தில் போடுவது இணைக் கணிப்பு. துண்டுகளை ஆங்காங்கே அனுப்பி, விடைகளைத் திரட்டித் தரும் வேலையை நிரல் எழுதுபவருக்காகச் செய்யும் மென்பொருள் தொகுப்புகளே இணைக் கணிப்புக் கருவிப்பெட்டிகள். மேட்லேபின் பேரலல் கம்ப்யூட்டிங் டூல்பாக்ஸ், ஆர் மொழியின் ‘பேரலல்’ தொகுப்பு, பைத்தானின் மல்டிபிராசஸிங், டாஸ்க், ஜூலியாவின் டிஸ்ட்ரிபியூட்டட் ஆகியவை பரவலாகப் புழங்குபவை. நீரியல், பாய்ம இயக்கவியல், பொருளாதாரம் போன்ற துறைகளில் மாதிரிகளை ஓட்டுவோர் இவற்றை அன்றாடம் பயன்படுத்துகிறார்கள்.

எந்தக் கணக்கு எதற்காகக் காத்திருக்க வேண்டும் என்பதை இந்தக் கருவிப்பெட்டிகள் பெரும்பாலும் தாமாகக் கண்டுபிடித்துத் தருவதில்லை. அது மாதிரியை எழுதுபவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். வேகம் கூடுவதும் கூடாமல் போவதும் பெரும்பாலும் இந்த ஓர் அறிவைப் பொறுத்தே அமைகிறது.

சார்பும் தனித்தன்மையும்

கன்னியாகுமரி மாவட்டத்தில், ஆதிகேசவப் பெருமாள் கோயிலால் பெயர்பெற்ற திருவட்டாற்றுக்கு அருகே, மூவாற்றுமுகத்தில் கோதையாறும் பரளியாறும் கலக்கின்றன. கோதையாற்றில் 1906இல் கட்டி முடிக்கப்பட்ட பேச்சிப்பாறை அணை. பரளியாற்றில் பெருஞ்சாணி அணை. கலந்த ஆறு குழித்துறை வழியாக ஓடித் தேங்காய்ப்பட்டணம் அருகே அரபிக்கடலில் சேர்கிறது. மலையில் இவ்வளவு மழை பெய்தால் குழித்துறையில் நீர்மட்டம் எவ்வளவு உயரும் என்று கணிக்க ஒரு மாதிரி எழுதுவதாக வைத்துக்கொள்வோம். பேச்சிப்பாறைக்கு மேலே விழுந்த மழை அணைக்கு வந்து சேரும் கணக்கையும், பெருஞ்சாணிக்கு மேலே விழுந்த மழையின் கணக்கையும் இரண்டு கோர்களில் (நுண்செயலிக்குள் தனித்தனியே இயங்கும் கணக்கிடும் அலகுகளில்) ஒரே நேரத்தில் போடலாம். ஒன்றின் விடை மற்றதற்குத் தேவையில்லை. மூவாற்றுமுகத்துக்குக் கீழே உள்ள கணக்கோ, மேலே இரண்டும் முடிந்த பிறகே தொடங்க முடியும்.

இதிலும் ஒரு சிக்கல் உண்டு. பேச்சிப்பாறை நீரின் ஒரு பங்கு கால்வாய் வழியே பரளியாற்றிலுள்ள புத்தன் அணைக்குக் கொண்டுவரப்படுகிறது. பாசனத்துக்குத் தண்ணீர் திறக்கும் மாதங்களில், அணைகளுக்குக் கீழே இரண்டு ஆறுகளும் தனித்தனி என்று கொண்டால் விடை தவறும். நிலவரைபடத்தை மட்டும் பார்த்து நிரல் எழுதுபவருக்கு இது தெரியாது. அணையில் வேலை பார்ப்பவருக்குத் தெரியும். இணையாக ஓட்ட முடியுமா என்ற கேள்விக்கான விடை பல வேளைகளில் கணினிக்கு வெளியேதான் கிடைக்கிறது.

காத்திருக்கும் பகுதி எவ்வளவு என்பதே வேகத்தின் உச்சவரம்பு. 1967இல் ஐபிஎம் நிறுவனத்தில் இருந்த ஜீன் அம்டால் இதைச் சுட்டிக்காட்டினார். மொத்த வேலையில் 10 விழுக்காடு வரிசையாகவே நடந்தாக வேண்டும் என்றால், எத்தனை ஆயிரம் கோர்களைக் கொடுத்தாலும் 10 மடங்குக்கு மேல் வேகம் கூடாது. 8 கோர் உள்ள கணினியில் 4.7 மடங்குதான் கிடைக்கும். 1988இல் அமெரிக்காவின் சாண்டியா ஆய்வகத்தைச் சேர்ந்த ஜான் கஸ்டாஃப்சன் இதற்கு இன்னொரு பக்கத்தைக் காட்டினார். கூடுதல் கோர்கள் கிடைத்தால் மனிதர்கள் அதே கணக்கைச் சீக்கிரம் முடிப்பதைவிடப் பெரிய கணக்கை எடுத்துக்கொள்கிறார்கள். அப்போது வரிசைப் பகுதியின் விகிதம் சுருங்கிவிடும். வானிலைத் துறையில் நடந்தது இதுவே.

ரப்பர்த் தோட்டத்தின் கணக்கு

திருவட்டாறு, குலசேகரம், பேச்சிப்பாறை வட்டாரத்தில் ரப்பரை நம்பி வாழும் குடும்பங்கள் ஏராளம். நட்டு ஏழாண்டு போல ஆனபின் பால்வெட்டு தொடங்கும். அதன் பின் இருபது, இருபத்தைந்து ஆண்டுகள் பால் தந்த மரத்தை வெட்டி மறுநடவு செய்ய வேண்டும். எந்த ஆண்டில் வெட்டுவது? ரப்பர் ஷீட் விலை ஏறியிருக்கும்போது வெட்டினால் கைக்கு வரும் வருமானம் நின்றுவிடும். விலை விழுந்திருக்கும்போது வெட்டினால், புது மரம் பாலுக்கு வரும் காலத்தில் விலை என்ன நிலையில் இருக்குமோ தெரியாது. தோட்டக்காரர் மனக்கணக்காகப் போடும் இதையே, 1950களில் ரிச்சர்டு பெல்மன் வகுத்த, அடுத்தடுத்த முடிவுகளைப் படிப்படியாக எடைபோடும் டைனமிக் புரோகிராமிங் முறையில் பொருளாதார அறிஞர்கள் எழுதுகிறார்கள். இணைக் கணிப்பு எங்கே உதவும், எங்கே உதவாது என்பதை விளக்க இதைவிடப் பொருத்தமான எடுத்துக்காட்டு கிடைப்பது அரிது. ஆகவே சற்று விரிவாகவே பார்ப்போம்.

இந்த மாதிரியில் மூன்று மாறிகள். மரத்தின் வயதுக்கு 0 முதல் 35 வரை 36 மதிப்புகள். விலைக்கு 200 படிகள். தோட்டத்தில் எஞ்சி நிற்கும் மரங்களின் விகிதத்துக்கு 50 படிகள். 2017இல் ஒக்கி புயலில் குமரி மாவட்டத்தில் ரப்பர் மரங்கள் பெருமளவில் சாய்ந்ததை நினைத்தால், மூன்றாவது மாறி ஏன் வேண்டும் என்பது விளங்கும். மூன்றையும் பெருக்கினால் 3,60,000 நிலைகள். ஒவ்வொரு நிலையிலும் ‘வெட்டு’, ‘வைத்திரு’ என்ற இரண்டு முடிவுகளையும், அடுத்த ஆண்டு வரக்கூடிய 200 விலைகளையும் எடைபோட வேண்டும். எல்லா நிலைகளையும் ஒரு முறை கணக்கிடும் ஒரு சுற்றுக்கு 14.4 கோடிக் கணக்குகள். விடை நிலைபெறும் வரை 500 சுற்று ஓடினால் 7,200 கோடி.

ஒரு சுற்றுக்குள் இந்த 3,60,000 நிலைகளும் ஒன்றையொன்று பார்ப்பதில்லை. எல்லாமே முந்தைய சுற்றின் விடையை மட்டும் பார்க்கின்றன. ஆகவே அவற்றைக் கோர்களுக்குப் பங்கிடலாம். மேட்லேபில் ‘ஃபார்’ என்று தொடங்கும் வரியை ‘பார்ஃபார்’ என்று மாற்றினாலே போதும். ஆனால் சுற்றுக்கும் சுற்றுக்கும் இடையே எல்லாக் கோர்களும் நின்று, விடைகளைச் சேர்த்து, புதிய அட்டவணையைப் பெற்றுக்கொண்டு மீண்டும் கிளம்ப வேண்டும். இது 500 முறை நடக்கும். ஒரு சுற்றின் வேலை சிறியதாக இருந்தால், தரவை அனுப்பி வாங்கும் நேரமே மிச்சம்பிடித்த நேரத்தைத் தின்றுவிடும். புதிதாகக் கருவிப்பெட்டியைத் தொடுபவர்கள் ‘இணையாக ஓட்டினேன், முன்பைவிட மெதுவாகிவிட்டது’ என்று திகைப்பது பெரும்பாலும் இந்த இடத்தில்தான்.

இணையாக ஓட்டச் சரியான இடம் வெளிச்சுற்று. மாதிரியை உண்மைத் தரவுக்குப் பொருத்த, வட்டி விகிதம், பால்வெட்டுக் கூலி, விலை ஏற்ற இறக்கத்தின் அளவு ஆகியவற்றை மாற்றி மாற்றி அதே மாதிரியை ஆயிரம் முறை தீர்க்க வேண்டியிருக்கும். மதிப்புத் தொகுதிகளை முன்கூட்டியே குறித்து வைத்துக்கொண்டால் அந்த ஆயிரமும் ஒன்றுக்கொன்று தொடர்பற்றவை. ஒரு முறை தீர்க்க ஒரு நிமிடம் என்றால், வரிசையாக ஓட்ட 16 மணி 40 நிமிடம். 8 கோர்களுக்குப் பங்கிட்டால் ஆளுக்கு 125 முறை, இரண்டு மணி நேரத்துக்குச் சற்று மேல். நிரலில் மாறுவது ஒரே ஒரு வரி. உள்சுற்றை இணையாக்குவதில் நாள்கணக்கில் உழைப்பதற்கு முன், வெளியே இப்படி ஒரு சுற்று இருக்கிறதா என்று பார்த்துவிடுவது நல்லது.

உள்சுற்றையும் விரைவாக்க வழி உண்டு. அதற்கு ஆயிரக்கணக்கான சிறு கோர்கள் ஒரே நினைவகத்தைப் பகிரும் ஜிபியூ என்ற கிராஃபிக்ஸ் சில்லு வேண்டும். 2011இல் ஆல்ட்ரிச், ஃபெர்னாண்டஸ்-வில்லாவெர்டே, கேலன்ட், ரூபியோ-ராமிரஸ் ஆகிய நால்வரும் வெளியிட்ட ஆய்வில், பொருளாதார வளர்ச்சி மாதிரி ஒன்றை ஜிபியூவில் தீர்த்தபோது ஏறத்தாழ 200 மடங்கு வேகம் கிடைத்ததைக் காட்டினார்கள். மத்திய வங்கிகளில் புழங்கும் டைனேர் என்ற தொகுப்பு வேறு வழியை எடுக்கிறது. அது பயன்படுத்தும், தற்செயல் அடிகளை வரிசையாக எடுத்துவைத்து மதிப்பிடும் மார்கோவ் சங்கிலி முறையில் ஒரு சங்கிலியின் ஒவ்வொரு அடியும் முந்தைய அடியைச் சார்ந்தது; அதைப் பிரிக்க முடியாது. ஆகவே பல சங்கிலிகளைத் தனித்தனிக் கோர்களில் ஓட்டுகிறது.

கருவிப்பெட்டிகள் வந்த கதை

மேட்லேபை உருவாக்கிய கிளீவ் மோலர், மேட்லேப் ஏன் இணையாக ஓடுவதில்லை என்பதை விளக்கி 1995இல் ஒரு கட்டுரையே எழுதினார். கோர்கள் பல கொண்ட கணினிகள் மேசைக்கு வந்ததும் நிலைமை மாறியது. 2004இல் டிஸ்ட்ரிபியூட்டட் கம்ப்யூட்டிங் டூல்பாக்ஸ் வெளியானது. பின்னர் பேரலல் கம்ப்யூட்டிங் டூல்பாக்ஸ் என்று பெயர் மாறியது. 2007இல் ஜிபியூக்களுக்கான ‘கூடா’ (CUDA) என்ற நிரலாக்கத் தளம் வந்தது. 2011இல் ஆர் மொழி ‘பேரலல்’ தொகுப்பைத் தன்னுடனேயே சேர்த்து வழங்கத் தொடங்கியது.

இந்தியாவில் இந்தக் கதை வசதிக்காகத் தொடங்கவில்லை, இல்லாமையிலிருந்து தொடங்கியது. பெங்களூரு தேசிய வான்வெளி ஆய்வகத்தில் 1986இல் ஃப்ளோசால்வர் என்ற இணைக் கணினி பாய்ம இயக்கவியல் கணக்குகளுக்காக உருவாயிற்று. அமெரிக்காவிடமிருந்து விரும்பிய மீக்கணினியை வாங்க முடியாத நிலையில், 1988இல் புனேயில் சி-டாக் என்ற கணினி ஆய்வு நிறுவனம் நிறுவப்பட்டது. விஜய் பட்கர் தலைமையில் டிரான்ஸ்பியூட்டர் சில்லுகளைக் கோத்து, 1991இல் பரம் 8000 வெளிவந்தது. சென்னை தரமணியில் உள்ள கணித அறிவியல் நிறுவனம் 2004இல் 144 கணினிகளைப் பிணைத்து கப்ரு என்ற கொத்துக்கணினியை அமைத்து, துகள் இயற்பியலின் லேட்டிஸ் கணக்குகளுக்குப் பயன்படுத்தியது.

திருவட்டாற்றிலிருந்து நேர்கோட்டில் ஏறத்தாழ 50 கி.மீ. தொலைவில், திருவனந்தபுரம் தும்பாவில் உள்ள விக்ரம் சாராபாய் விண்வெளி மையத்தில், 2011 மே 2 அன்று இஸ்ரோ தலைவர் கே. ராதாகிருஷ்ணன் சாகா-220 என்ற மீக்கணினியைத் தொடங்கிவைத்தார். ஏறத்தாழ 14 கோடி ரூபாய்ச் செலவு. 400 இன்டெல் சியான் நுண்செயலிகளும் 400 என்விடியா டெஸ்லா ஜிபியூக்களும் அதில் இருந்தன. நொடிக்குச் செய்யும் கணக்குகளை அளக்கும் ஃப்ளாப்ஸ் அலகில், ஒரு ஜிபியூ 500 கிகாஃப்ளாப்ஸ், ஒரு நுண்செயலி 50 கிகாஃப்ளாப்ஸ். ஆக, 220 டெராஃப்ளாப்ஸ் உச்சவேகத்தில் பத்தில் ஒன்பது பங்கு கிராஃபிக்ஸ் சில்லுகளிலிருந்தே வந்தது. மின்சாரத் தேவை 150 கிலோவாட். ராக்கெட்டைச் சுற்றிக் காற்று பாயும் விதத்தைக் கணிக்கும் வேலை இத்தகைய அமைப்புக்கு ஏற்றது: வெளியைச் சிறு கட்டங்களாக வெட்டினால், ஒவ்வொரு கட்டமும் தன் அண்டைக் கட்டங்களோடு மட்டுமே பேச வேண்டியிருக்கும்.

புயலும் பல கணிப்புகளும்

வானிலை மாதிரியில் இணைக் கணிப்பு இரண்டு அடுக்குகளில் நடக்கிறது. உள் அடுக்கில், பூமியின் மேற்பரப்பு கட்டங்களாகப் பிரிக்கப்பட்டு ஒவ்வொரு கோருக்கும் ஒரு பகுதி ஒதுக்கப்படுகிறது; ஒவ்வொரு சிறு கால அடியிலும் எல்லைத் தகவல்கள் பரிமாறப்பட வேண்டும். இதற்கு எளிய கருவிப்பெட்டிகள் போதாது. எம்பிஐ என்ற செய்திப் பரிமாற்றத் தரமும் ஃபோர்ட்ரான் நிரல்களும் இன்றும் ஆள்கின்றன. வெளி அடுக்கில், தொடக்க நிலையைச் சற்றே மாற்றி அதே மாதிரியைப் பல முறை ஓட்டுகிறார்கள். இந்த ஓட்டங்கள் ஒன்றுக்கொன்று தொடர்பற்றவை. ரப்பர்த் தோட்டத்தின் வெளிச்சுற்றும் இதே வகைதான்.

இது ஏன் முக்கியம் என்பதைக் குமரிக் கடற்கரை மிகுந்த வேதனையோடு அறியும். 2017 நவம்பர் 29 அன்று தாழ்வு மண்டலமாக இருந்தது, மறுநாள் காலைக்குள் குமரிக்கடலில் ஒக்கி புயலாக வலுத்தது. பல நாள் மீன்பிடிப்புக்கு முன்பே கடலுக்குப் போயிருந்தவர்களில் பலர் திரும்பவில்லை. விரைவாக வலுக்கும் புயலில் ஒற்றைக் கணிப்பு எதைச் சொன்னாலும், அது எவ்வளவு உறுதியானது என்பதைச் சொல்லாது. பல ஓட்டங்களில் எத்தனை ஓட்டங்கள் புயலைக் காட்டுகின்றன என்பதே அந்த உறுதியை அளக்கும். 2018 ஜனவரியில் புனேயில் பிரத்யுஷ், நொய்டாவில் மிஹிர் ஆகிய மீக்கணினிகள் நாட்டுக்கு அர்ப்பணிக்கப்பட்டன. இரண்டும் சேர்ந்து 6.8 பெட்டாஃப்ளாப்ஸ். அதே ஆண்டு ஜூனில், 23 கி.மீ. கட்டத்துக்குப் பதிலாக 12 கி.மீ. கட்டத்தில், 21 ஓட்டங்கள் கொண்ட கணிப்பு முறை நடைமுறைக்கு வந்தது. கட்டத்தின் அகலத்தைப் பாதியாக்கினால், நீளம், அகலம், கால அடி மூன்றும் சேர்ந்து வேலை ஏறத்தாழ 8 மடங்காகும். கணினி ஆற்றல் கூடாமல் இந்த நுணுக்கம் வந்திருக்காது. கணித்ததைக் கரைக்கும் படகுக்கும் உரிய நேரத்தில் கொண்டுசேர்ப்பது வேறு வேலை. அதைக் கணினியின் கணக்கில் எழுத முடியாது.

பிழைகள் நுழையும் வழிகள்

இணையாக ஓட்டும்போது வரும் பிழைகளில் மிகவும் ஆபத்தானவை, ஓசையின்றி நுழைபவை. தற்செயல் எண்களை எடுத்துக்கொள்வோம். கோர்களில் இயங்கும் 8 வொர்க்கர்களுக்கும் (நிரலின் நகல்களுக்கும்), எண் வரிசையைத் தொடங்கிவைக்கும் விதை எண் ஒன்றாகவே கொடுக்கப்பட்டால், எட்டும் ஒரே எண் வரிசையை உருவாக்கும். 8,000 சோதனைகள் செய்ததாகக் கோப்பு சொல்லும். உண்மையில் நடந்தவை 1,000. விடை பார்க்க ஒழுங்காகவே இருக்கும். கருவிப்பெட்டிகளில் இதற்கெனத் தனித்தனி எண் ஓடைகளைத் தரும் வசதி உண்டு. அதைத் தேடிப் பயன்படுத்த வேண்டும்.

கூட்டலிலும் கவனம் தேவை. தசம எண்களைக் கணினி குறிப்பிட்ட இலக்கங்களுக்குள் சுருக்கி வைப்பதால், கூட்டும் வரிசை மாறினால் கடைசி இலக்கங்கள் மாறும். கோர்களின் எண்ணிக்கை மாறும்போது விடை நுண்ணளவில் வேறுபடுவது இதனால்தான். ஆய்வேட்டில் எத்தனை கோர்கள், எந்த விதை எண், எந்தப் பதிப்பு என்பவற்றைக் குறிப்பிட்டால்தான் பிறர் அதைச் சரிபார்க்க முடியும். நினைவகமும் ஒரு தடை. ஒரு வொர்க்கருக்கு 2 ஜிபி தரவு நகலாக வேண்டும் என்றால், 8 வொர்க்கர்களுக்கு 16 ஜிபி போய்விடும்; பிறகு கணினி வட்டைத் தேடி ஓடும், வேகம் படுத்துவிடும்.

கிடைக்கும் வழிகள்

மேட்லேபுக்கும் அதன் கருவிப்பெட்டிக்கும் உரிமக் கட்டணம் உண்டு. குமரி மாவட்டக் கல்லூரி மாணவர் ஒருவர் ஆர், பைத்தான், ஜூலியா, ஆக்டேவ் ஆகியவற்றை இலவசமாக இறக்கிக்கொள்ளலாம். கற்கும் நோக்கத்துக்கு எதிலும் குறைவில்லை. சொந்தக் கணினிக்கு அடங்காத பெரிய கணக்குகளுக்கு, 2015இல் 4,500 கோடி ரூபாய்த் திட்டமாகத் தொடங்கிய தேசிய மீக்கணினி இயக்கத்தின்கீழ், திருச்சி தேசியத் தொழில்நுட்பக் கழகத்தில் 2022 மே மாதம் பரம் பொருள் என்ற மீக்கணினி நிறுவப்பட்டது. அதன் உச்சவேகம் 838 டெராஃப்ளாப்ஸ். இத்தகைய கணினியில் நேராக உட்கார்ந்து வேலை செய்வதில்லை. எத்தனை கோர்கள், எவ்வளவு நேரம் வேண்டும் என்று எழுதிய கோப்பை வரிசையில் இட்டுவிட்டு முறை வரும்வரை காத்திருக்க வேண்டும். அந்தக் காத்திருப்பையும் சேர்த்துப் பார்த்தால், இரண்டு மணி நேர வேலைக்கு 8 கோர் மடிக்கணினியே முந்திவிடுவதுண்டு.