ஊகத்திற்கு இடம் தரும் திரை

பாலர்க்குச் சொல்லோடு சித்திரத்தையும் சேர்த்துப் போதிக்க வேண்டும் என்னும் கருத்து நேற்றுத் தோன்றியதன்று. கொமேனியஸ் என்னும் மொரேவிய நாட்டுப் பேராசான் 1658-ஆம் ஆண்டில் நூரம்பர்க் நகரில் வெளியிட்ட படநூலிலேயே அது உருப்பெற்றுவிட்டது. பின்னர்ச் சினிமா வந்தபோது, பள்ளிகளில் புத்தகங்களுக்கு இனி வேலையிராது என்று 1913-இல் எடிசன் கூறினார். புத்தகங்கள் இன்னும் இருக்கின்றன என்பதற்கு நம் பிள்ளைகளின் முதுகுகளே சாட்சி. 1975-76-இல் செயற்கைக்கோள் வாயிலாக நம் நாட்டின் ஏறத்தாழ 2,400 கிராமங்களுக்குத் தொலைக்காட்சிப் பாடம் சென்றதும் ஓர் அரிய முயற்சியே. ஆயினும் அங்கே பிள்ளைகளுக்கு வாய்த்தது பார்க்கும் பாக்கியம் மட்டுந்தான். மாணாக்கன் விடை சொல்ல, இயந்திரம் அதற்கு மறுமொழி கூறும் ஏற்பாட்டை 1960-இல் இல்லினாய் பல்கலைக்கழகத்தில் டொனால்டு பிட்சர் என்பவர் ‘பிளேட்டோ’ என்னும் பெயரில் தொடங்கினார். இன்று நாம் ஊடாடும் பல்லூடகம் என்று வழங்குபவற்றுக்கு அதனை ஒரு மூதாதை எனலாம்.

இத்தகைய சாதனங்களின் விசேஷம் இன்னதென்பதை ஓர் உதாரணத்தால் காண்பது நலம். கொலராடோ பல்கலைக்கழகத்தில், நோபல் பரிசு பெற்ற கார்ல் வீமன் 2002-இல் தொடங்கிய ‘ஃபெட்’ திட்டத்தில், மின்சுற்று அமைக்கும் பாவனைக் கருவி ஒன்று உண்டு. பாட்டரி, கம்பி, பல்பு ஆகியவற்றை மாணவன் தன் விரலாலேயே இழுத்துப் பொருத்துகிறான். சுற்று முற்றுப்பெற்ற மாத்திரத்தில் பல்பு ஒளிர, கம்பிக்குள் எலெக்ட்ரான்கள் சிறு நீல உருண்டைகளாக ஊர்ந்து செல்கின்றன. பல்பு இல்லாமல் பாட்டரியின் இரு முனைகளையும் வெறுங் கம்பியால் இணைத்துவிட்டாலோ திரையில் தீ மூண்டெழுகிறது. பாட்டரியிலிருந்து புறப்பட்ட மின்னோட்டத்தில் ஒரு பங்கைப் பல்பு தின்றுவிடுகிறது, மிச்சமே திரும்பி வருகிறது என்று நெடுங்காலமாய் நம்பி வந்த சிறுவன், பல்புக்கு முன்னும் பின்னும் உருண்டைகள் ஒரே வேகத்தில் செல்வதைக் காணும்போது, எத்தனை முறை சொல்லியும் அசையாத அந்த நம்பிக்கை முதன்முதலாக ஆட்டங் காண்கிறது. மெய்யான கம்பியில் எலெக்ட்ரானைக் காட்ட எந்த உபாத்தியாயராலும் ஆகாது. இக்கருவியில் பழகிய மாணவர்கள், மெய்யான கம்பிகளோடு பழகியவர்களைவிடப் பின்னர் மெய்யான சுற்றை அமைப்பதிலும் அதனை விளக்குவதிலும் மேம்பட்டிருந்தனர் என்பது அப்பல்கலைக்கழகத்தார் 2005-இல் வெளியிட்ட ஆராய்ச்சியின் முடிவு.

ஆனால் கருவியை வாங்கி வைத்த மாத்திரத்தில் இப்பயன் கிட்டிவிடும் என்று எண்ணுவது பேதைமை. ஹார்வார்டில் எரிக் மஸூரும் அவருடைய சகாக்களும் வகுப்பறைச் செயல்விளக்கங்களை ஆராய்ந்து 2004-இல் வெளியிட்ட முடிவு நம் கவனத்துக்கு உரியது: விளக்கத்தை வெறுமனே பார்த்தவர்கள், அதைப் பாராதவர்களைவிட அதிகமாக எதையும் விளங்கிக்கொள்ளவில்லை, என்ன நிகழும் என்று முன்கூட்டியே ஊகித்துச் சொல்லிவிட்டுப் பார்த்தவர்களே தெளிவு பெற்றார்கள். அவ்வூகத்துக்குச் செலவானவை சில நிமிஷங்களே.

இக்கண்ணோடு நம் தமிழ்நாட்டுப் புதிய பாடநூல்களைப் பார்த்தால், மகிழ்ச்சியோடு சிறிது மனக்குறையும் உண்டாகிறது. 2018 முதல் வெளிவந்த இந்நூல்களில் விரைவுக் குறியீடுகளும், ஜியோஜீப்ரா போன்ற கணிதக் கருவிகளைப் பயன்படுத்தும் இணையச் செயல்பாடுகளும் இடம்பெற்றிருப்பது பாராட்டத்தக்கதே. எனினும் பல இடங்களில், செய்யவேண்டிய படிகளோடு, முடிவில் திரையில் தோன்றவேண்டிய படத்தையும் அருகிலேயே அச்சிட்டுவிடுகிறார்கள். அரைவட்டத்தின் மீதுள்ள புள்ளியை நகர்த்தினால் அங்கே அமையும் கோணம் மாறுமா, மாறாதா என்று பிள்ளை யோசிக்கு முன்பே விடை கண்ணில் பட்டுவிடுகிறது. பின்பு விரல் நகர்வது வெறும் சம்பிரதாயமே. அடுத்த பதிப்பில் அப்படத்தை நீக்கிவிட்டு, அவ்விடத்தில் நான்கு வெற்றுக் கோடுகளை விட்டு வைத்தாலே போதும் என்பது என் அபிப்பிராயம்.

நாற்பது பிள்ளைகளுக்கு ஒரே கணினி உள்ள பள்ளியிலும் இவ்வாறு முதலில் ஊகிக்கச் செய்வது நடவாத காரியமன்று; ஃபெட் கருவிகளை முன்னரே பதிவிறக்கி வைத்துக்கொண்டால் இணையத் தொடர்பும் வேண்டியதில்லை. இரண்டாவது பல்பைச் சேர்த்தால் முதல் பல்பு மங்குமா, அப்படியே எரியுமா என்று கேட்டு, ஒவ்வொருவரும் தம் ஊகத்தை நோட்டில் எழுதி, பக்கத்துப் பிள்ளையோடு வாதாடி முடிக்கும் வரை ஆசிரியர் சுட்டியைத் தொடாதிருக்க வேண்டும். அவ்வேளையில் வகுப்பில் எழும் இரைச்சலைக் கேட்டுத் தலைமையாசிரியர் எட்டிப் பார்க்கக்கூடும். அவருக்கும் அந்தக் கேள்வியையே போட்டுப் பார்க்கலாம்.