அபாயம் என்னும் சொல்

மின்கம்பத்தில் மண்டையோட்டுப் படத்தின் கீழ் எழுதப்பட்டிருக்கும் சொல் அபாயம். வெளியிலிருந்து வந்து தாக்கும் கேடு என்பதே இன்று அதற்கு வழங்கும் பொருள். தசலட்சணப் பருவத்தில் நாளுக்கோர் அத்தியாயமாகத் தத்துவார்த்த சூத்திரம் கேட்கும் நம்மவர் செவியிலும் இச்சொல் விழுகின்றது. ஆனால் அங்கு அது சுட்டும் கேடு வெளியிலிருந்து வருவதன்று.

வடமொழியில் 'இ' என்னும் வினையடி செல்லுதலைக் குறிக்கும்; 'அப' என்னும் முன்னொட்டு விலகலை உணர்த்தும். ஆகவே அபாயத்தின் முதற்பொருள் விலகிப்போதல். அழிவு, கேடு என்பன அதினின்று கிளைத்தவை. அணுகிச் செல்லுதலாகிய உபாயமும் இதே வேரில் பிறந்ததே.

கொலை முதலிய ஐம்பாவங்களில் இம்மையிலும் மறுமையிலும் விளையும் அபாயத்தைக் காண வேண்டும் என்கிறார் உமாசுவாமி, ஏழாம் அத்தியாயத்தில். ஒன்பதாம் அத்தியாயத்தில் தருமத்தியானத்தின் நான்கு வகைகளுள் இரண்டாவதாக அபாய விசயத்தை வைக்கின்றார். இங்கு விசயம் என்பது ஆராய்தல். செய்தி என்னும் பொருள்படும் விஷயம் அன்று. தமிழ் எழுத்தில் இரண்டும் ஒன்றாகிவிடுவதால் இதனைச் சொல்லவேண்டியுள்ளது.

இத்தொடருக்குச் சர்வார்த்தசித்தி உரையில் பூஜ்யபாதர் இரண்டு விளக்கங்கள் தருகின்றார். வீடுபேற்றை விரும்பியும் நெறி அறியாத மக்கள், பிறவிக் குருடரைப்போல் நன்னெறியை விட்டு நெடுந்தொலைவு விலகிப் போகின்றனரே என்று சிந்தித்தல் ஒன்று. பொய்க்காட்சி, பொய்ஞ்ஞானம், தீயொழுக்கம் ஆகியவற்றிலிருந்து இவ்வுயிர்கள் எவ்வாறு விலகும் என்று சிந்தித்தல் மற்றொன்று. முன்னதில் விலகல் கேடு; பின்னதில் விலகலே உய்வு. ஒரே வினையை இருபுறமும் திருப்பிக் காட்டும் இவ்வுரைத் திறம் வியக்கத்தக்கது. அதனினும் பெரிது, இத்தியானம் செய்வோன் தனக்கு வரும் துன்பத்தை எண்ணி அஞ்சி அமர்ந்திருக்கவில்லை என்பது. பிற உயிர்கள் வழிதவறுவதை எண்ணி இரங்குகின்றான். அச்சத்தைக் குறிக்கவேண்டிய சொல் இங்கே அருளைக் குறித்து நிற்கின்றது.

இவ்வாசிரியருக்கும் தமிழகத்துக்கும் தொடர்புண்டு. அவர்தம் மாணாக்கர் வச்சிரநந்தி, விக்கிரம ஆண்டு 526இல், அதாவது கி.பி. 470ஐ ஒட்டி, தென்மதுரையில் திராவிட சங்கத்தை நிறுவினார் என்று தேவசேனரின் தரிசனசாரம் கூறுகின்றது. தேவசேனர் அதனைப் பாராட்டிக் கூறவில்லை, குறைகூறியே எழுதினார். எனினும் நமக்குச் செய்தி கிடைத்தது.

தமிழில் இக்கருத்துக்கு நெருங்கிய சொல் ஏதம். குற்றம், துன்பம் ஆகிய இரண்டும் அதற்குப் பொருள். ஏலாசாரியர் அருளியதென நம் முன்னோர் போற்றும் திருக்குறளில், ஒழுக்கமுடைமை அதிகாரத்தில், ஒழுக்கத்தினின்று வழுவுவதால் ஏதம் விளையும் என்பதை அறிந்தே மனவலிமையுடையார் தளராது நிற்பர் எனும் கருத்து வருகின்றது. ஒழுக்கம் என்பது ஒழுகுதல், அதாவது நெறிப்படி நடத்தல். இழுக்கம் என்பது அந்நடையில் கால் வழுக்குதல். பூஜ்யபாதர் விலகல் என்றதும் குறள் இழுக்கம் என்றதும் நடப்பவனுக்கு நேரும் தவற்றையே. ஏதம் இன்று பேச்சுவழக்கில் இல்லை. "சேதாரம் ஏதும் இல்லையே?" என்று கேட்கிறோம், "ஏதம் இல்லையே?" என்று கேட்பாரில்லை.