பிரஞ்சுத் தாளில் தமிழ்க் கையெழுத்து

போன மாதம் ஒரு தோல்பை வியாபாரி என் அறைக்கு வந்தார். பிரான்சிலிருக்கும் ஒருவரோடு கூட்டு சேர்ந்திருக்கிறார். கையில் பன்னிரண்டு பக்க ஒப்பந்தம், ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் தமிழில் அவர் கையெழுத்து. "போட்டு அனுப்பியாச்சு ஐயா. என்ன எழுதியிருக்குன்னு கொஞ்சம் சொல்லுங்க" என்றார். புதுச்சேரியில் முப்பது வருஷமாகப் பத்திரம் மொழிபெயர்க்கிறேன். இப்படி யாராவது வரும்போதெல்லாம் எனக்கு நயினியப்பப் பிள்ளையின் ஞாபகம் வந்துவிடும்.

சென்னையிலிருந்து இங்கே வந்து வியாபாரம் செய்தவர் அவர். 1708-ல் கவர்னர் எபேர் அவரைப் பிரஞ்சுக் கம்பெனியின் தலைமைத் தரகராக, அதாவது துபாஷியாக, ஆக்கினார். துபாஷி என்றால் இரண்டு பாஷை தெரிந்தவர் என்றுதான் பொருள், ஆனால் வேலை பேச்சோடு நிற்காது. நெசவாளர்களுக்கு முன்பணம் போய்ச் சேர வேண்டும், சொன்ன தவணையில் துணி வர வேண்டும், கப்பல் வராத வருஷத்தில் கம்பெனிக்குக் கடன் புரட்டித் தர வேண்டும். ஊர் வணிகர்கள் கம்பெனியை நம்பியதெல்லாம் இந்த ஒரு மனிதரின் முகத்துக்காகத்தான்.

எபேருக்கும் அவருக்கும் பொதுவாக இருந்த பாஷை போர்த்துகீசியம். அன்றைக்குக் கடற்கரை முழுக்க வியாபாரம் அதில்தான் நடந்தது. இருவருக்கும் அது இரவல் பாஷை. விலை பேச அது போதும், மனசில் இருப்பதைச் சொல்லப் போதாது.

உரசல் துணியில் வரவில்லை, சாமி விஷயத்தில் வந்தது. நயினியப்பர் ஏழைக் கிறிஸ்தவர்களுக்கு விருந்து வைத்து ஜெபமாலையும் கொடுத்தார். வந்தவர்களின் சாமிக்கும் மரியாதை செய்வது நமக்கு விருந்தோம்பலில் சேர்ந்தது. சேசுசபைப் பாதிரிமாருக்கோ, சிலை வணங்குகிறவன் கையால் ஜெபமாலை வாங்குவது பொறுக்க முடியாத அவமானம். அவர் நல்ல மனசோடுதான் கொடுத்தார் என்று நான் நம்புகிறேன். பாதிரிமாரின் கோபமும் நடிப்பல்ல. இந்த இரண்டையும் எடுத்துச் சொல்ல நடுவில் ஒருவரும் இல்லை. 1715-ல் இந்துக்களின் வழிபாட்டுக்குக் கட்டுப்பாடு வந்ததும் நெசவாளரும் வேலையாட்களும் ஊரைவிட்டுக் கிளம்பினார்கள். தூண்டிவிட்டது நயினியப்பர்தான் என்று பழி விழுந்தது. முன்பு பதவி போய், அந்த வருஷம் மறுபடி அதிகாரத்தோடு வந்திறங்கியிருந்த எபேருக்குப் பாதிரிமாரின் தயவு வேண்டியிருந்தது. தானே நியமித்த தரகரை 1716-ல் சிறையில் அடைத்தார். கூடவே மைத்துனர் திருவேங்கடமும் கைதானார்.

விசாரணையைத்தான் நான் திரும்பத் திரும்ப நினைத்துப் பார்க்கிறேன். கேள்வியும் பதிலும் போர்த்துகீசியத்தில். எழுதிக்கொண்டது பிரஞ்சில். அடியில் நயினியப்பர் தமிழில் கையெழுத்திட்டார். அவருக்குப் பிரஞ்சு வாசிக்கத் தெரியாது. தான் என்ன சொன்னதாக அந்தத் தாளில் இருக்கிறது என்பது கையெழுத்துப் போட்டவருக்கே தெரியவில்லை. தீர்ப்பு வந்தது: கடைவீதியில் ஐம்பது கசையடி, மூன்று வருஷச் சிறை, பெரிய அபராதம், சொத்துப் பறிமுதல். 1717-ல் சிறையிலேயே இறந்துபோனார்.

மகன் குருவப்பர் பாரிஸ் போனார். தந்தையோடு வியாபாரம் செய்திருந்த சேன் மாலோ என்ற பிரஞ்சுத் துறைமுகத்து வணிகர்களும், சேசுசபைக்கு எதிரணியிலிருந்த வேறு பாதிரிமாரும் துணை நின்றார்கள். தீர்ப்பு ரத்தானது. குருவப்பர் அங்கே ஞானஸ்நானம் பெற்றார், செவாலியே பட்டம் பெற்றார், 1722-ல் தந்தையின் பதவிக்கே திரும்பினார். இரண்டே வருஷத்தில் இறந்தார். அதன் பிறகு பதவி பாதிரிமாரின் ஆளான கனகராய முதலியாரிடம் போய், 1746-ல் அவர் சாகும்வரை அவரிடமே இருந்தது.

அடுத்து அந்த இடத்துக்கு வந்தவர் ஆனந்தரங்கப் பிள்ளை. கைதான திருவேங்கடத்தின் மகன். மாமாவுக்குக் கசையடி விழுந்தபோது ஏழு வயது. 1736-லிருந்து ஏறக்குறைய இருபத்தைந்து வருஷம் தினப்படிச் சேதிக்குறிப்பு எழுதினார்: யார் வந்தார், கவர்னர் என்ன கேட்டார், தான் என்ன பதில் சொன்னார், எத்தனை மணிக்கு. எல்லாம் தமிழில். அதற்கு அவர் வைத்த பெயரிலேயே 'சொஸ்த லிகிதம்' என்று வரும், தன் கையெழுத்து என்று அர்த்தம். சரித்திரக்காரர்கள் அதில் கவர்னர் டூப்ளேயைத் தேடுகிறார்கள். எனக்கு அதில் தெரிவது ஒரு பையனின் பயம். தன் பேச்சை இன்னொருத்தன் பாஷையில் மட்டும் விட்டுவைக்கக் கூடாது என்று அந்த வீட்டில் யாரோ அவனுக்குச் சொல்லியிருக்க வேண்டும்.

அவர் வீடு இன்னும் இருக்கிறது. கீழே நம் ஊர் மரத்தூண்கள், மேலே வெள்ளைச் சுண்ணாம்பில் ஐரோப்பியத் தூண்கள். 1761 ஜனவரி 12-ல் அவர் இறந்தார். நாலாம் நாள் ஊர் ஆங்கிலேயர் கைக்குப் போனது.

தோல்பை வியாபாரிக்கு ஒன்பதாம் பக்கத்தை வாசித்துச் சொன்னேன்: தகராறு வந்தால் லியோன் நகர நீதிமன்றத்தில்தான் வழக்கு. கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். "அவர் நல்ல மனுஷர்தாங்க" என்றார். இருக்கலாம். அன்றே கூட்டாளிக்கு ஒரு கடிதம் எழுதிக் கொடுத்தேன், அவரும் அந்தப் பிரிவை மாற்றச் சம்மதித்துவிட்டார்.

எழுத்தில் மொழிபெயர்த்துத் தரத்தான் நான் கட்டணம் வாங்குகிறேன். வாசித்துச் சொல்லக் காசு கேட்பதில்லை. கையெழுத்துப் போடுவதற்கு முந்தின நாள் வாருங்கள்.